கருப்பொருளும் காட்சிப்பொருளும்: பாசிக்குடாக் கடற்கரையின் சமூக வரலாறு பற்றி ஒரு நோக்கு

I

தமிழரின் பழைய இலக்கிய மரபு நிலத்தை வெறும் நிலமாக நோக்கியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்தில் விளைவனவும் வாழ்வனவும் கருப்பொருள்; இவற்றின் மீது எழும் மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்து உணவு, மரம், பறவை, பறை முதலியவற்றோடு ‘செய்தி’ என ஒன்றையும் சேர்த்தார். அச்சொல்லுக்குத் தொழில் என்றே உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். எனவே நெய்தல் என்பது கடலும் மணலும் மட்டுமன்று. மீன்பிடித்தலும், மீனுணக்கலும், உப்பு விளைத்தலும், அவற்றைச் செய்யும் பரதவரும் நுளையரும் இல்லாமல் நெய்தல் இல்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வு இவ்வுண்மையைப் பொருளாதார அடிப்படையில் விளக்கியது. திணைப் பாகுபாடு கவிதை உத்தியாக அமைவதற்கு முன்னர், சமச்சீரற்ற வளர்ச்சி நிலைகளில் இருந்த உற்பத்தி முறைகளின் பிரதிபலிப்பாக இருந்தது என்பது அவ்வாய்வு நமக்குத் தந்த தெளிவாகும்.

இத்தெளிவோடு இன்றைய உல்லாசப் பயண விளம்பரம் ஒன்றை நோக்குவோம். நீலக் கடல், வெண்மணல், சாய்ந்த தென்னை, இரண்டு நாற்காலிகள். முதற்பொருள் முழுமையாக இருக்கிறது. வலை இல்லை, தோணி இல்லை, மீன் உலரும் பந்தல் இல்லை, மனிதர் இல்லை. நெய்தலிலிருந்து அதன் தொழில் நீக்கப்பட்டுவிட்டது. இந்நீக்கம் படம் எடுப்பவரின் இரசனையால் மட்டும் நிகழ்ந்ததா, அன்றேல் கரையிலேயே நிகழ்ந்துவிட்ட ஒன்றைப் படம் பிரதிபலிக்கின்றதா? மட்டக்களப்பு மாவட்டத்தின் பாசிக்குடாவை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் தெரியாத ருவான்வெல்லையிலிருந்து, இறப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒருவன், கடற்கரை பற்றி எழுதுவதற்கு நியாயம் என்ன என்று வாசகர் வினவலாம். தோட்டத்து வரலாற்றை அறிந்தவனுக்கே இக்கரையின் வரலாறு எளிதில் விளங்குகிறது என்பதுதான் எமது விடை.

II

சபரகமுவ மலைகளின் அடிவாரத்தில், களனி கங்கையை அண்டியிருப்பது ருவான்வெல்லை. பெருந்தெருக்களும் புகையிரதமும் வருமுன் ஆறே பாதையாக இருந்தது. கடலோரத்து உப்பு தோணிகளில் மேலேறி வந்தது; மலைநாட்டுப் பாக்கு கீழிறங்கிச் சென்றது. பிரித்தானியர் இவ்விடத்தில் கோட்டை கட்டினர். கோட்டை இருந்த இடத்தில் பின்னர் பயணிகளுக்கான வாடிவீடு அமைந்தது. நெய்தலும் குறிஞ்சியும் உப்பினாலும் பாக்கினாலும் ஒன்றையொன்று அறிந்திருந்த காலம் அது. பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளிக்குக் கடல் கருவாடாகவே அறிமுகமாயிற்று. அதனைப் பிடித்தவனையோ உலர்த்தியவளையோ அவன் அறியான். அவர்களும் இவனது இறப்பர்ப் பாலை அறியார்.

இம்மலைகளின் உடைமை மாறிய கதை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியன எனக் கொண்டது. சிங்கள விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலம் அவனுடையதாகவே இருந்தது. ஆனால் அவனிடம் கடதாசி இருக்கவில்லை. கடதாசி இல்லாத உரிமை சட்டத்தின் கண்ணில் உரிமையன்று. அவ்வாறு ‘வெறுமையானது’ ஆக்கப்பட்ட நிலத்தில் முதலில் கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் நடப்பட்டன. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து எம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர்.

மூன்று செய்திகளை இங்கு மனத்திற் கொள்ளவேண்டும். ஒன்று, பயன்பாட்டில் உள்ள நிலம் பயன்பாடற்றது என அறிவிக்கப்படுதல். இரண்டு, வழக்காற்று உரிமை பத்திர உரிமையால் வெல்லப்படுதல். மூன்று, முதலும் முகாமையும் வெளியிலிருந்து வந்து, உபரியும் வெளியே செல்லுதல். மலையில் நிகழ்ந்த இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின்னர்க் கரையிலும் நிகழ்ந்தன.

III

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனைக்கும் கல்குடாவுக்கும் அண்மையில் உள்ளது பாசிக்குடா. முருகைக்கற் பாறைத்தொடர் அலையை மறித்து நிற்பதால் குடாவின் நீர் ஆழமின்றியும் அமைதியாகவும் இருக்கும். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாது. கடலில் இறங்கிக் குளிக்க விரும்புபவனுக்கு இவ்வியல்பு எத்துணை உவப்போ, சிறு தோணியைப் பாதுகாப்பாகக் கட்ட விரும்பும் மீனவனுக்கும் அத்துணை உவப்பானது. இயற்கையின் ஒரே கொடையை இரு வர்க்கத்தினர் இரு வேறு தேவைகளுக்காக விரும்பினர் என்பதிலேயே பின்வந்த முரண்பாட்டின் வித்து இருக்கிறது.

கிழக்குக் கரையின் பழைய பெருந்தொழில் கரைவலை. தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுள் சென்று, அரைவட்டமாக வளைத்துவிட்டுக் கரைக்குத் திரும்பும். வலையின் இரு பக்கக் கயிறுகளையும் இரு குழுவினர் மணலில் நின்று மணிக்கணக்காக இழுப்பர். இழுக்க இழுக்க இரு குழுவும் ஒன்றையொன்று நெருங்கிவர, இறுதியில் மடி கரையேறும். இத்தொழிலுக்குக் கடல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மணலும் வேண்டும். வலை இழுக்கப்படும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். இன்னார் பாடு, இன்னார் முறை என ஊர் அறிந்த ஒழுங்கு இருந்தது. பாட்டின் உரிமை நிலத்தின் உடைமையன்று. அவ்விடத்தில், முறைப்படி, உழைப்பதற்கான உரிமை. மணல் இங்கு ஓய்விடமன்று. வயலைப் போலவும் பட்டறையைப் போலவும் அது ஓர் உற்பத்திச் சாதனம். பிடித்த மீனைப் பிரிப்பதும் உணக்குவதும் விற்பதும் அம்மணலிலேயே நிகழ்ந்தன. இவற்றிற் பெரும்பகுதி பெண்களின் உழைப்பாகும்.

பருவம் இன்னொரு முக்கியமான காரணி. கார்த்திகை தொடங்கி மாசி வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். பங்குனிக்குப் பின்னர் புரட்டாசி வரை கடல் அமைதியுறும். கரைவலைக்கு உகந்த காலம் அதுவே. அதே மாதங்களில் தென்மேற் பருவக்காற்று மேற்குக் கரையைத் தாக்குவதால், நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதிகளின் மீனவரும் கிழக்கே வந்து வாடியடித்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். இவ்விடப்பெயர்ச்சியின் வாழ்வையும் பூசலையும் வடபகுதிக் கடலை வைத்து எழுதிய புதினமே செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973). இங்கு ஒரு சொல்லாராய்ச்சி பயனுடையது. கடற்கரையில் மீனவன் தொழிற்காலத்துக்கு அமைக்கும் ஓலைக் குடிசை ‘வாடி’. அரச உத்தியோகத்தரும் பயணிகளும் தங்கிச் செல்லும் விடுதி ‘வாடிவீடு’. தற்காலிகத் தங்குமிடம் என்ற ஒரே கருத்தில் பிறந்த சொல், ஒரு புறம் உழைப்பவனின் குடிசையையும் மறு புறம் ஓய்வெடுப்பவனின் மாளிகையையும் குறித்து நிற்கிறது. பாசிக்குடாவின் வரலாற்றை வாடி வாடிவீட்டுக்கு இடம் விட்ட வரலாறு எனச் சுருக்கிக் கூறலாம்.

ஆயினும் பழைய மீனவக் கிராமத்தை இலட்சிய உலகமாகக் காட்டுவது வரலாற்று நேர்மையாகாது. வலையும் தோணியும் சம்மாட்டியினுடையவை. கயிறு இழுத்தவனுக்குக் கிடைத்தது பங்கு. அப்பங்கிலும் முற்பணக் கடன் கழிக்கப்பட்டது. சாதி ஏற்றத்தாழ்வும் வியாபாரியின் விலைநிர்ணயமும் அவனை அழுத்தின. நைலோன் வலையும் வெளியிணைப்பு இயந்திரமும் வந்தபோது, அவற்றை வாங்க வல்லவனுக்கும் வல்லமையற்றவனுக்கும் இடையிலான தூரம் மேலும் விரிந்தது. எனினும் அச்சுரண்டலுக்குள்ளும் உழைப்பவனுக்குக் கரையில் ஓர் இடம் இருந்தது. இடமே பறிபோவது வேறொரு வகை மாற்றமாகும்.

IV

கடற்கரைக்குச் சென்று ஒன்றும் செய்யாமல் இருப்பது மனித இயல்பன்று. அது வரலாற்றில் தோன்றிய ஒரு வழக்கம். இங்கிலாந்தின் பிறைற்றன் ஒரு மீனவர் பட்டினமாக இருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரிச்சட் ரசல் என்னும் மருத்துவர் கடல்நீர் நோய் தீர்க்கும் என எழுதியதைத் தொடர்ந்து செல்வர் அங்கு சென்றனர். 1841 இல் லண்டனிலிருந்து புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் நடுத்தர வர்க்கமும், காலப்போக்கில் தொழிலாளரும் சென்றனர். ஆலையின் மணியோசை வேலை நேரத்தைக் கறாராக வரையறுத்தபோதே, வேலையற்ற நேரம் என்ற ஒன்றும் வரையறுக்கப்பட்டது. விடுமுறை, கைத்தொழில் முதலாளித்துவத்தின் குழந்தை.

ஆனால் சம்பளத்துடன் கூடிய விடுமுறை முதலாளித்துவத்தின் கொடையன்று. பிரான்சில் 1936 ஆம் ஆண்டு பெருவேலைநிறுத்தங்களின் விளைவாக, மக்கள் முன்னணி அரசாங்கத்தின் கீழ்த் தொழிலாளர் இரு வார ஊதிய விடுமுறையை வென்றெடுத்தனர். இங்கிலாந்தில் 1938 இல் இதற்கெனச் சட்டம் வந்தது. கடலையே கண்டிராத பிரெஞ்சுத் தொழிலாளர் பலர் அக்கோடையில் முதன்முறையாக அதனைக் கண்டனர். ஆகவே விடுமுறைப் பயணியை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவன் கையிலுள்ள ஓய்வு ஒரு வர்க்கப் போராட்டத்தின் ஈட்டம்.

அதே 1936 இல்தான் ருவான்வெல்லைத் தொகுதி, முந்திய ஆண்டு பிறந்த லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது. ஆயினும் ஓய்வு பற்றிய எமது அனுபவம் வேறு. மழை நாளில் இறப்பர்ப் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையெனின் ‘பேர்’ இல்லை. பேர் இல்லையெனின் சம்பளம் இல்லை. வேலையற்ற நாள் எமக்கு விடுமுறையாக அன்றி இழப்பாகவே வந்தது. கிழக்குக் கரை மீனவனின் மாரி மாதங்களும் அத்தகையனவே. ஐரோப்பியத் தொழிலாளியின் ஊதிய விடுமுறை, தென்னாசியத் தீவொன்றின் மணலில் கழிக்கப்படும் நிலை ஏற்பட்டபோது, ஒரு நாட்டுத் தொழிலாளி வென்ற உரிமையை இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் இடத்தை அகற்றி விற்பனை செய்யும் விந்தையை மூலதனம் நிகழ்த்தியது. முரண்பாடு பயணிக்கும் மீனவனுக்கும் இடையிலானதாகத் தோன்றுகிறது. உண்மையில் அது இருவருக்கும் நடுவே நிற்கும் மூலதனத்தோடு தொடர்புடையது.

V

இலங்கையில் உல்லாசப் பயணத்துறை அரசின் திட்டமிட்ட முயற்சியாக 1966 இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அவ்வாண்டு நாட்டுக்கு வந்த பயணிகள் 18,969 பேர். அடுத்த ஆண்டு அமெரிக்க ஆலோசனை நிறுவனமொன்று பத்தாண்டுத் திட்டமொன்றை வகுத்துக் கொடுத்தது. கிழக்குக் கரையும் அதில் ஒரு வளர்ச்சி வலயமாகக் குறிக்கப்பட்டது. 1968 இல் உல்லாசப் பயண அபிவிருத்திச் சட்டம் வந்தது. பொதுத் தேவைக்கெனக் காணி எடுப்பதற்கு 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் ஏற்கெனவே இருந்தது.

இதன் பொருளாதார ஏது வெளிப்படையானது. தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றின் ஏற்றுமதியில் தங்கியிருந்த நாட்டின் அந்நியச் செலாவணி 1960களில் வற்றிக்கொண்டிருந்தது. தோட்டப் பொருளாதாரத்தின் தோல்வியே உல்லாசப் பயணத்துறையின் பிறப்புக்குக் காரணம். பால்வெட்டும் கையும் கொழுந்து பறிக்கும் கையும் ஈட்டித் தந்த டொலர் போதாதபோது, கடலும் மணலும் ஏற்றுமதிப் பண்டங்களாயின. ஏற்றுமதி என்ற சொல்லைக் கவனமாகவே ஆள்கிறோம். இங்கு பண்டம் கப்பலேறிச் செல்வதில்லை. வாங்குபவன் விமானமேறி வருகிறான். அது ஒன்றே வேறுபாடு.

இடதுசாரிகளும் இப்போக்கிலிருந்து விலகி நிற்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது தகாது. 1970 தொடக்கம் 1975 வரை நிதி அமைச்சராக இருந்தவர், ருவான்வெல்லை 1936 இல் தெரிவுசெய்த அதே என். எம். பெரேரா. 1970 இல் 46,247 ஆக இருந்த பயணிகள் தொகை 1975 இல் 103,204 ஆயிற்று. செலாவணி நெருக்கடியுள் அகப்பட்ட அரசாங்கம் வேறு வழி காணவில்லை எனலாம். ஆனால் டொலரை ஈட்டும் இடத்தில் யாருடைய உழைப்பிடம் இழக்கப்படுகிறது என்ற கணக்கை அன்று எவரும் எழுதிப் பார்க்கவில்லை. 1977 க்குப் பின்னர் திறந்த பொருளாதாரம் அக்கணக்கின் தேவையையே மறுத்தது. 1982 இல் வந்தோர் 407,230 பேர்.

பாசிக்குடா, கல்குடா கரைகளில் உல்லாச விடுதிகள் எழுந்தது 1970களிலாகும். மட்டக்களப்புப் புகையிரதப் பாதை அருகே சென்றதும், கடல் அமைதியுறும் மாதங்கள் ஐரோப்பியரின் கோடை விடுமுறையோடு ஒத்துவந்ததும் அதற்கு வாய்ப்பாயின. முரண்பாட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. கரைவலைக்கு உகந்த மாதங்களே கடல்நீராட்டுக்கும் உகந்த மாதங்கள். இரு தொழில்களும் ஒரே மணலை ஒரே காலத்தில் வேண்டி நின்றன. நிலம் ஒன்றாக இருந்து பொழுது வேறாக இருந்திருப்பின் இணக்கம் கூடியிருக்கும். முதற்பொருள் இரண்டும் ஒன்றாயின.

ஆயினும் அக்கட்டத்தில் விடுதிகள் சில, கரை நீண்டது. மீனவனும் பயணியும் ஒருவரையொருவர் கடந்து நடக்க இடமிருந்தது. 1978 நவம்பர் 23, 24 ஆம் நாள்களில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி வாடியையும் விடுதியையும் வேறுபாடின்றித் தாக்கியது. 1983 இன் இனவன்செயலும் அதைத் தொடர்ந்த போரும் பயணிகளை விரட்டின. பாசிக்குடா விடுதிகள் கைவிடப்பட்டு, கூரையற்ற சுவர்களாகப் பல ஆண்டுகள் நின்றன. மீனவருக்கோ கடல் பாதுகாப்பு வலயமாயிற்று. இரவுத் தொழிலுக்குத் தடை, தூரத்துக்குத் தடை, இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் தடை என வாழ்வு நெருங்கிற்று. போர் கரையை வெறுமையாக்கியது. 1840 இன் சட்டத்தை நினைவிற் கொள்வோர்க்கு, வெறுமையாக்கப்பட்ட நிலம் அடுத்து என்னாகும் என்பது புதிராக இராது.

VI

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை நாடெங்கும் 30,000 க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கிழக்கே இழப்பு மிகப் பெரிது. அதன் பின்னர் அரசாங்கம் கரையோரத்தில் குடியிருப்புத் தடை வலயமொன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மீனவன் தன் வீட்டை அவ்வெல்லைக்குள் திரும்பக் கட்டலாகாது. ஆனால் ஏற்கெனவே இருந்த சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அலை வர்க்கம் பார்த்து வருவதில்லை, விதி பார்த்தது. எதிர்ப்புகளின் விளைவாக எல்லைகள் பின்னர் தளர்த்தப்பட்டன என்பது உண்மை. எனினும் உயிர்ப் பாதுகாப்பு என்ற மறுக்கவியலாத காரணத்தின் பெயரால் மீனவரைக் கரையிலிருந்து பிரிக்க இயலும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது. தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவில், மீள்கட்டுமானம் என்ற பெயரால் முன்வைக்கப்பட்ட சுற்றுலாத் திட்டத்தை எதிர்த்து மீனவர் குரலெழுப்பியதை நவோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பேரழிவை மூலதனம் வாய்ப்பாக்கிக் கொள்ளும் முறைமைக்கு உலகறிந்த சான்றுகளுள் ஒன்றாக அக்கரை அமைந்தது.

2007 இல் கிழக்கு முழுவதும் அரசபடைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; 2009 இல் போர் முடிந்தது. பாசிக்குடா சுற்றுலா வலயமாக்கப்பட்டு, பத்துக்கு மேற்பட்ட விடுதிகளுக்குக் குடாவைச் சூழ்ந்த நிலம் நீண்டகாலக் குத்தகையில் பகிரப்பட்டது. 2011 முதல் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. 1970களின் சில விடுதிகளுக்கும் இப்புதிய தொகுதிக்கும் அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறுபாடு உண்டு. முன்னையவை கரையில் இருந்தன. பின்னையவை கரையைச் சூழ்ந்துகொண்டன. மதில்கள் எழுந்தன. ஊரிலிருந்து கடலுக்குச் சென்ற நடைபாதைகள் சில மறிக்கப்பட்டன. தோணி கரையேறும் துறை விடுதிகளுக்கிடையே ஒடுங்கிற்று. வலை காயப்போடவும் கருவாடு உணக்கவும் இருந்த வெளி இல்லாமற்போயிற்று. கருவாட்டு மணம் விருந்தினருக்கு ஒவ்வாதது.

இங்கு எவரும் மீனவனின் காணி உறுதியைக் கிழிக்கவில்லை. கரைக்கு அவனிடம் உறுதி இருந்ததே இல்லை. கடற்கரை அரசுக்குரியது, மீனவனிடம் இருந்தது பாட்டு உரிமையும் வழக்காறும். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பேணற் சட்டம், நிலப்புறமாக 300 மீற்றர் வரையான வலயத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்து, கட்டடங்களுக்கு அனுமதி வேண்டும் என விதித்தது. அனுமதி பெறும் வசதி விடுதிக்கு உண்டு. ஓலைப் பந்தலுக்கு இல்லை. கடதாசி உள்ளவன் கடதாசி இல்லாதவனை வென்றான். சேனை செய்த சிங்கள விவசாயி 19 ஆம் நூற்றாண்டில் ருவான்வெல்லையைச் சூழ்ந்த மலைகளில் கற்ற பாடத்தையே, தமிழ் மீனவன் 21 ஆம் நூற்றாண்டில் பாசிக்குடாவில் கற்றான். இனப் பிரச்சினையை முற்றாக ஒதுக்கிவைத்து இதனை விளக்க முடியாது. படைபலத்தால் அடங்கியிருந்த மக்களிடமிருந்து நிலத்தை எடுப்பது எளிதாயிற்று. ஆனால் இனப் பிரச்சினையால் மட்டுமே விளக்கிவிடவும் முடியாது. சிங்கள மீனவர் வாழும் தெற்கிலும், முஸ்லிம் மீனவர் வாழும் பொத்துவிலிலும், கற்பிட்டித் தீவுகளிலும் இதே பிணக்கு எழுந்துள்ளது.

தோட்டத்தோடு கொண்ட ஒப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தோட்டத்துக்கு எண்ணற்ற கைகள் தேவைப்பட்டன. ஆகவே அது தொழிலாளரைக் கொண்டுவந்து லயத்திற் கட்டிப்போட்டது. விடுதிக்கோ நிலமும் காட்சியும் முதன்மை. கைகள் சிலவே போதும். அக்கைகளும் பயிற்சியும் மொழியும் கொண்டவையாக வேறிடங்களிலிருந்து வருகின்றன. ஊரவருக்குப் பெரும்பாலும் காவலும் துப்புரவும் தோட்டவேலையுமே எஞ்சுகின்றன. மலையகத்துத் தோட்டங்களை விட்டு விடுதித் தொழிலுக்குச் செல்லும் இளைஞரும் இன்று உளர். தோட்டம் உழைப்பாளியைச் சிறைவைத்தது. விடுதி உழைப்பாளியை வெளியே நிறுத்தியது. எதிரெதிரான இவ்விரு வழிகளும் நிலத்தின் மீதான உழைப்பாளியின் உரிமையை மறுப்பதில் ஒன்றுபடுகின்றன.

இத்துறையின் நிலையாமையும் கருதத்தக்கது. 2018 இல் நாட்டுக்கு வந்தோர் 2,333,796 பேர். 2019 ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தையும் இரத்தத்தில் தோய்த்தன. அடுத்துப் பெருந்தொற்று வந்தது. 2021 இல் வந்தோர் 194,495 பேர் மட்டுமே. பயணி வராத ஆண்டுகளில் விடுதி கதவைச் சாத்தலாம். அதனால் மணல் மீனவனுக்குத் திரும்பிவிடுவதில்லை. 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தபின், சிறு படகுகளை ஓட்டும் மண்ணெண்ணெய் கிடைக்காமற்போய், அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. டொலர் தேடிக் கரை கொடுக்கப்பட்டது. டொலர் இல்லாதபோது கடலுக்குச் செல்லும் எண்ணெயும் இல்லாமற்போயிற்று. இரு முனையிலும் விலை கொடுத்தவன் மீனவனே. 2024 இல் வந்தோர் தொகை மீண்டும் 2,053,465 ஆக உயர்ந்துள்ளது. இவ்வுயர்ச்சியை மீட்சியென ஆட்சியாளர் கொண்டாடுகையில், மீட்கப்பட்டது எது என்று வினவுவது எமது கடமை.

VII

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். உல்லாசப் பயணப் பொருளாதாரம் நெய்தலின் முதற்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளை இரு வழிகளிற் கையாளுகிறது. முதலாவது நீக்குதல், பாசிக்குடாவில் நிகழ்ந்தது பெரிதும் இதுவே. இரண்டாவது காட்சிப்பொருளாக்குதல். தென்கரையில் கொக்கலைக்கும் வெலிகமைக்கும் இடையே, கடலில் நட்ட கம்பில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவரின் தோற்றம் இலங்கையின் அடையாளச் சின்னமாகிவிட்டது. இன்று அக்கம்புகளில் அமர்வோர் பலர் மீனுக்காக அமர்வதில்லை. படமெடுப்போர் தரும் பணத்துக்காக அமர்கின்றனர். தூண்டில் இருக்கிறது, கம்பு இருக்கிறது, மனிதனும் இருக்கிறான்; தொழில் மட்டும் நடிப்பாகிவிட்டது. மலைநாட்டில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் புன்னகை சுவரொட்டியாவதும் இத்தகையதே. அவள் கூடையின் நிறையும் நாட்கூலியும் படத்தில் இல்லை. கருப்பொருள் காட்சிப்பொருளாவது என நாம் குறிப்பது இதனையே.

இதற்கு மாறான ஒரு காட்சியைப் பட்டினப்பாலை எமக்குத் தருகிறது. முழுமதி நாளில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, பூச்சூடிக் கள்ளுண்டு, மணலில் ஆடிக் களிப்பதாக அப்பாட்டு கூறுகிறது. கடற்கரையில் கழிக்கும் விடுமுறை தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. ஆனால் அங்கு விடுமுறை கொண்டாடுபவன் அக்கரையில் உழைப்பவனே. நேற்று வலை இழுத்த மணலில் இன்று அவன் ஆடுகிறான். நாளை அதே மணலில் மீண்டும் வலை இழுப்பான். உழைப்பும் ஓய்வும் ஒரே மனிதனிடம், ஒரே நிலத்தில் இணைந்திருந்தன. இக்காலம் அவ்விரண்டையும் பிரித்து, ஓய்வை ஒருவனுக்கும் உழைப்பை வேறொருவனுக்கும் பங்கிட்டு, உழைப்பவன் ஓய்வெடுப்பவன் கண்ணில் படாதவாறு மதிலும் கட்டியது. சங்ககாலச் சமூகம் ஏற்றத்தாழ்வு அற்றதன்று. எனினும் உழைப்பவனின் ஓய்வைப் பாடுவதற்குரியதாகக் கருதிய ஒரு கவிஞன் அங்கு இருந்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மாற்று என்ன? பயணிகளைத் தடுத்து நிறுத்துவதன்று. ஓய்வு எல்லா உழைப்பாளர்க்கும் உரியது. கரை யாருடையது என்பதைத் தீர்மானிப்பதே மாற்று. கரைவலைப் பாடுகளும் தோணித் துறைகளும், அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் வழக்காற்று உரிமைகளாகச் சட்டப்பதிவு பெறவேண்டும். கரையைக் குத்தகைக்குக் கொடுக்கும் எத்தீர்மானமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் இணக்கமின்றி எடுக்கப்படலாகாது. குத்தகை வருமானத்தின் ஒரு பங்கு, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீனவருக்குக் கிடைக்கும் ஊதிய ஓய்வாகத் திரும்பவேண்டும். 1936 இல் பிரெஞ்சுத் தொழிலாளி பெற்றதைப் பாசிக்குடா மீனவனும், மழை நாளில் பேர் இழக்கும் ருவான்வெல்லைப் பால்வெட்டுத் தொழிலாளியும் பெறவேண்டும் என்பது மிகையான கோரிக்கையன்று. இவ்விரு தொழிலாளரையும் இணைத்து நோக்கும் இயக்கம் இந்நாட்டில் இன்னும் உருவாகவில்லை. உப்பும் பாக்கும் ஒரு காலத்தில் இணைத்த கரையையும் மலையையும் இன்று இணைக்கக்கூடியது அவ்வியக்கமே.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்றனர் முன்னோர். மறைந்த மீனவக் கிராமம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவ்வுரிப்பொருளில் நின்றுவிடுகின்றன. ஆனால் பாசிக்குடா மறைந்துவிடவில்லை. மதில்களுக்கு இடையே ஒடுங்கிய துறையிலிருந்து தோணிகள் இன்றும் கடலுக்குச் செல்கின்றன. அவை செல்லும்வரை அக்கரையின் வரலாறு இரங்கலுக்குரியதன்று, உரிமைக்குரியது.